சவுந்தரம் ஒட்டிய படகுகள்

சவுந்தரம் ஒட்டிக் கொடுத்த ஒவ்வொரு குடமும் என் கடையில் விற்காமல் போன குடம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, ஏதோ பாசத்தில் அவளைப் பற்றிப் பேசுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டின் மேலேயே என் கடை. பிளாஸ்டிக் குடம், வாளி, கயிறு, தார்ப்பாய் எல்லாம் இருக்கும். கடை என் வீட்டுக்காரர் பேரில், வியாபாரம் என் வாயில். அந்தக் கடையின் ஷட்டர் ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து, சின்னக் கரி அடுப்பை மூட்டி, அதில் கம்பியைச் சொருகி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் சவுந்தரம். ஓட்டைக் குடத்தைக் கொடுத்தால், பழைய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை ஓட்டைமேல் வைத்து, பழுத்த கம்பியால் இழுத்து உருக்கி ஒட்டித் தருவாள். புதுக் குடம் வாங்க வந்த பொம்பளைகூட இவளைப் பார்த்ததும் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பழைய குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள். எனக்கு எப்படி இருக்கும்?

"ஏத்தா, அந்தப் பக்கம் போயி உக்காரேன். என் பொழப்புல ஏன் மண்ணள்ளிப் போடுற?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"அங்க வெயிலடிக்குதுக்கா" என்பாள். அவ்வளவுதான் பதில்.

ஒட்டி முடித்ததும் குடத்தை அப்படியே கொடுத்துவிட மாட்டாள். என் கடை டிரம்மிலிருந்தே தண்ணீர் மொண்டு குடத்தை நிரப்பி, முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அடியில் உள்ளங்கையால் தடவி, அந்தக் கையைக் குடத்துக்காரியிடம் விரித்துக் காட்டுவாள். கை காய்ந்திருந்தால்தான் குடம் கைமாறும். பிறகு தண்ணீரைச் சிந்தாமல் திரும்ப டிரம்மிலேயே ஊற்றிவிடுவாள். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசை போட்டு நிற்கிற ஊரில் ஓட்டைக் குடம் என்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. தெருமுனையிலிருந்து வீடு போய்ச் சேர்வதற்குள் பாதித் தண்ணீர் ரோட்டுக்குப் போய்விடும். அதனால் எங்கள் பக்கத்து ஆட்கள் கண்ணில் ஓட்டை என்று ஒன்று பட்டுவிட்டால் சும்மா இருக்க முடியாது. சோப்பைத் தேய்ப்போம், மெழுகை உருக்குவோம், ஒன்றும் கிடைக்காவிட்டால் விரலையாவது வைத்து அடைப்போம்.

இந்தத் தொழில் அவள் புருஷன் தாவீதுராஜ் செய்தது. சைக்கிளில் அடுப்பையும் கம்பியையும் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். பள்ளிக்கூடம் லீவு விட்டால் மகன் நவீனும் பின்னால் உட்கார்ந்து போவான். திருச்சுழிப் பக்கம் குண்டாற்றைத் தாண்டித்தான் அவருக்கு வாடிக்கை ஊர்கள். பாலத்தைச் சுற்றிக்கொண்டு யார் போவார்கள்? எங்களுக்கு ஆறு என்றால் மணல்தான். ஆடு மேய்க்கவும், குறுக்கே நடக்கவும், பிணம் எரிக்கவும் உள்ள இடம். அன்று எங்கேயோ பெய்த மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் வந்திருந்தது. மகனைக் கரையில் நிறுத்தி, அவன் இரண்டு கையிலும் ஒட்டிய குடங்களைக் கொடுத்து, "நீ இரு, நான் சைக்கிள அக்கரையில விட்டுட்டு வந்து உன்னத் தூக்கிட்டுப் போறேன்" என்று இறங்கினார். மணல் அள்ளிய குழி தண்ணீருக்கு அடியில் இருந்தது. கரையில் நின்ற கூட்டம் கத்தியது. எங்கள் ஊரில் கத்தத்தான் தெரியும், ஓடுகிற தண்ணீரில் இறங்க ஒருத்தருக்கும் தெரியாது. சாயங்காலம் அவரை எடுத்தபோதும் நவீன் அந்தக் குடங்களைக் கீழே வைக்காமல் நின்றிருந்தானாம்.

அதற்குப் பிறகு சவுந்தரம் தண்ணீரைக் குடத்தில் மட்டும்தான் பார்ப்பாள். பஸ் பாலத்தில் ஏறினால் கண்ணை மூடிக்கொண்டு "ஏசப்பா" என்பாள். மகனைக் கிணற்றடிக்குக்கூட விட்டதில்லை. அவன் அருப்புக்கோட்டையில் பன்னிரண்டாவது முடித்து, கேரளாவில் ஓட்டல் வேலை என்று கிளம்பியபோது, "சோத்துக்குப் பக்கத்துல இருப்பான், அது போதும்" என்று சந்தோஷமாகத்தான் அனுப்பினாள்.

போன வருஷம் ஒருநாள் போனைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள்.

"அக்கா, நவீன் போட்டோ அனுப்பிருக்கான். இது என்னன்னு பாருங்க."

பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் நீளமாக ஏதோ ஒன்று. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டியை இழுத்து நீட்டியது போல இருந்தது. அதன்மேல் எங்கள் நவீன் காலை நீட்டி உட்கார்ந்து, கையில் இரண்டு பக்கமும் அகப்பை வைத்த கம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அவனைச் சுற்றிலும் தண்ணீர். முன்னால் தண்ணீர், பின்னால் தண்ணீர், அதற்குப் பின்னால் ஒரு டவுன்.

போன் போட்டுக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. பரோட்டாக் கடை வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிவிட்டதாம். அந்தத் தொட்டிக்குப் பேர் கயாக்காம். அதில் ஆட்களை உட்கார வைத்து, துடுப்புப் போடச் சொல்லிக் கொடுத்து, டவுன் கரையோரமாகவும் ஆற்றுக்குள்ளேயும் கூட்டிக்கொண்டு போய் வருவதுதான் வேலையாம்.

சவுந்தரம் அழவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவுக அப்பா போனதுக்கப்புறமும் இவனுக்கு ஏங்க்கா தண்ணி கேக்குது?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? நெருப்பில் சூடுபட்டவன் அடுப்பைக் கட்டிக்கொண்டு தூங்குவானா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, அருப்புக்கோட்டையில் என் வீட்டுக்காரரின் தம்பி சுப்புராஜைப் பிடித்து, நூல் மில்லில் நவீனுக்கு ஒரு வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் பயல் பிடிகொடுக்கவில்லை.

"நீ ஒரு தடவ வந்து பாரும்மா. பாத்துட்டு, வாடான்னு சொன்னேன்னா அன்னைக்கே ஒங்கூட பஸ்ஸு ஏறிருவேன். ஒத்த வார்த்த பேச மாட்டேன்" என்றான்.

அதற்குத்தான் கிளம்பினோம். அவளுக்கு மலையாளம் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் எனக்குச் சத்தம் போடத் தெரியும் என்பதால் துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். கம்பியும் பிளாஸ்டிக் துண்டுகளும் உள்ள பையையும் எடுத்துக்கொண்டாள். சர்ச்சுக்குப் போனாலும் அந்தப் பையோடு போகிறவளிடம் என்ன சொல்வது?

ராஜபாளையம், தென்காசி என்று பஸ் மாறி, கொல்லத்துக்குப் பக்கத்தில் காயல் என்கிற கடல் கழியும் ஆறும் சேருகிற ஒரு டவுனில் காலையில் இறங்கினோம். அந்த ஊர்ப் பேரை மூன்று முறை கேட்டும் என் வாயில் நுழையவில்லை. பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் தண்ணீர். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தண்ணீர். மீன் மார்க்கெட் படியில் தண்ணீர். இத்தனை தண்ணீருக்கு நடுவில் ஒருத்தர் இடுப்பிலும் குடம் இல்லை. எனக்கு அதிலேயே தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. எங்கேயோ ஏதோ தப்பாக இருக்கிறது என்று பட்டது.

நவீன் படித்துறையில் நின்றிருந்தான். கறுத்து, தோள் விரிந்து, ஆளே மாறியிருந்தான். அம்மாவைக் கட்டிப்பிடித்தான். "பெரியம்மா, நீங்களும் வந்தீகளா!" என்று என் பையை வாங்கினான். அடுத்த நிமிஷமே ஆளை மிதக்க வைக்கிற ஆரஞ்சுச் சட்டை மாட்டிய ஒரு கூட்டத்தைப் படகுகளில் ஏற்றி, "ரெண்டு மணி நேரத்துல வாரேன்" என்று கரையோரமாகவே போய்விட்டான். கூட்டமாகத் துடுப்புப் போட்டுக்கொண்டு, மீன் மார்க்கெட்டையும் லாட்ஜுகளையும் தாண்டி, பாலத்துக்கு அடியில் புகுந்து மறைந்தார்கள். சவுந்தரம் கண்ணை மூடிக்கொண்டாள். நான்தான் பார்த்துச் சொன்னேன்.

சொன்னபடியே வந்தார்கள். ஏறின அதே படியில் இறங்கினார்கள்.

"எங்கய்யா போயிட்டு வாராக?" என்று நவீனைக் கேட்டேன்.

"ஆத்து வரைக்கும் போயிட்டு வாரோம் பெரியம்மா."

"அங்க என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்ல. போயிட்டு வாரதுதான்."

"ஏதாச்சும் ஏத்திட்டுப் போறாகளா? லோடு கீடு?"

"இல்ல பெரியம்மா."

"மீனு?"

"இல்ல."

"அப்ப ஏறுன எடத்துலயே எறங்குறதுக்கு எதுக்குய்யா ஏறணும்?"

அவன் சிரித்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. இறங்கின ஆட்களும் நனைந்துபோய்ச் சிரித்துக்கொண்டுதான் நின்றார்கள். இந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்று சவுந்தரத்திடம் சொன்னேன்.

மத்தியானம் அவன் அறையில் சாப்பிட்டோம். அறை படகுக் கொட்டகைக்குப் பின்னாலேயே இருந்தது. சாப்பிட்டுவிட்டு, சாயங்காலத்து ஆட்களைக் கூட்டிவர அவன் ஸ்டேஷனுக்குப் போய்விட்டான். படகு முதலாளியும் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். நான் பஸ்ஸில் வந்த அலுப்பில் கண்ணசந்தேன்.

பிளாஸ்டிக் கருகும் வாடையில்தான் முழித்தேன். எனக்குப் பழக்கமான வாடை என்பதால் ஒரு நிமிஷம் பந்தல்குடியில் இருப்பதாகவே நினைத்துவிட்டேன். வெளியே வந்து பார்த்தால், கொட்டகையில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த படகுகளுக்கு நடுவில் சவுந்தரம் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் நவீனின் கேஸ் அடுப்பு, அதில் பழுத்த கம்பி.

"அக்கா, இங்க வந்து பாருங்க இந்த அநியாயத்த" என்றாள்.

பார்த்தேன். கவிழ்த்த படகின் அடியில் பெருவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. ஒன்றில்லை, நாலைந்து. உட்காருகிற இடத்துக்கு நேராக, காலை வைக்கிற இடத்துக்கு நேராக. குனிந்து பார்த்தால் மறுபக்கத்து மண் தெரிந்தது. ஒரு படகு தப்பவில்லை, எல்லாவற்றிலும் ஓட்டை.

"ஓட்டப் படகக் குடுத்து என் புள்ளயத் தண்ணிக்குள்ள அனுப்புறான்க்கா அந்த மொதலாளி. நவீன் வெளி ஊரு, அவனுக்கு யாரு கேக்கப் போறாகன்னுதான?"

அவள் அப்போதே பாதிப் படகுகளை ஒட்டி முடித்திருந்தாள். ஆரஞ்சுப் படகின் அடியில் பச்சைத் துண்டு, மஞ்சள் படகில் நீலத் துண்டு. எல்லாம் என் கடையில் விற்ற குடங்களின் சில்லுகள். நகத்தை வைத்துக் கீறினாலும் பிரியாத வேலை. எனக்கும் பதறியது. படகில் ஓட்டை என்றால் யாருக்குத்தான் பதறாது? "நல்ல காரியம் செஞ்சத்தா" என்று சொல்லி, மிச்சப் படகுகளுக்குத் துண்டுகளை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். முதலாளி வரட்டும், நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் என்றும் சொன்னேன். கடைசிப் படகை ஒட்டும்போது, "இம்புட்டு நாளும் ஏசப்பாதான் இவனக் காப்பாத்திருக்காரு" என்று முணுமுணுத்துக்கொண்டே இழுத்தாள்.

நவீன் ஆட்களோடு வந்தபோது நேரமாகிவிட்டது. அவசர அவசரமாகப் படகுகளைப் புரட்டித் தண்ணீருக்குள் தள்ளினான். அடியில் இருந்த ஒட்டு யார் கண்ணிலும் படவில்லை. நாங்கள் சொல்ல நினைத்தோம், வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். சவுந்தரம் முதல் முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டு மகன் போவதைப் பார்த்தாள். முகத்தில் ஒரு நிம்மதி. அந்த முகத்தை நான் வெகு நாளாகப் பார்த்திருக்கவில்லை.

மீன் மார்க்கெட்டைத் தாண்டுகிற வரை ஒன்றும் இல்லை. எதிரே ஒரு மோட்டார் படகு வேகமாகப் போனது. அது கிளப்பிவிட்ட அலை கயாக்குகள்மேல் ஏறி அடித்தது. ஏறிய தண்ணீர் இறங்கவில்லை. அடுத்த அலை, அதற்கடுத்த அலை. துடுப்பிலிருந்து வழிந்த தண்ணீர் வேறு. தூரத்தில் நிற்கிற எங்களுக்கே படகுகள் கனத்துத் தள்ளாடுவது தெரிந்தது. நவீன் எதையோ கத்திக் கையைக் காட்டினான். ஒரு படகில் புருஷனும் பெண்டாட்டியுமாக இருவர். இடுப்பு நனையத் தண்ணீரில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு மிரண்ட அந்தப் பெண், ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்குகிறவள் மாதிரி எழுந்து நின்றுவிட்டாள். படகு புரண்டது.

நவீன் குதித்தான். அந்தப் பெண்ணின் தலை வெளியே வந்தது, புருஷன் தலையும் வந்தது, ஆரஞ்சுச் சட்டை தூக்கிக்கொண்டது. நவீன் தலை மட்டும் வரவில்லை.

சவுந்தரம் கத்தவில்லை. படிகளில் இறங்கினாள். இடுப்பு வரைக்கும் தண்ணீருக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே இறங்கி அவள் முந்தானையைப் பிடித்தேன். எனக்கும் நீச்சல் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவள் இரண்டு கையையும் விறைப்பாகக் கீழே நீட்டி, எதையோ தூக்கிப் பிடித்திருக்கிற மாதிரி விரல்களை மடக்கி வைத்திருந்தாள். எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான் புரிந்தது.

புரண்ட படகுக்கு மறுபக்கத்தில் நவீன் தலை வந்தது. அந்தப் பெண்ணின் கால் கயிற்றில் மாட்டியிருந்ததைப் பிரித்துவிட உள்ளே போயிருக்கிறான். கயிற்றைக் கட்டி ஒவ்வொருத்தராக இழுத்துக்கொண்டு கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தான். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சத்தம் கேட்டு வந்த முதலாளி அந்தப் புருஷன் பெண்டாட்டியைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, படகைப் புரட்டிப் பார்த்தார். ஆரஞ்சில் பச்சை ஒட்டு. அடுத்தது, மஞ்சளில் நீலம்.

"ஆரா இது செய்தே?" என்று கத்தினார்.

"நான்தான்யா ஒட்டுனேன்" என்றாள் சவுந்தரம். நனைந்த சேலையோடு நின்றாள். "அம்புட்டும் ஓட்டையா இருந்துச்சு."

நவீன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "அம்மா, அது ஓட்டை இல்லம்மா. அது அப்படித்தான் செஞ்சிருக்காக. மேல விழுகுற தண்ணி அது வழியாத்தான் எறங்கும்."

"ஓட்ட வழியா தண்ணி உள்ளதான வரும்?"

"கொஞ்சம் வரும், வந்துட்டுப் போயிரும். படகு முங்காது. உள்ளுக்குள்ள பூரா காத்து அடச்சிருக்கு."

"வந்த தண்ணி எப்படிப் போகும்? எது உள்ள, எது வெளியன்னு தண்ணிக்குத் தெரியுமா?"

நானும் யோசித்துப் பார்த்தேன். இன்றுவரைக்கும் யோசிக்கிறேன். வெளியே இத்தனை தண்ணீர் நிற்கும்போது உள்ளே இருக்கிற தண்ணீர் ஓட்டை வழியாக வெளியே போகுமாம். எங்கள் டிரம்மில் அப்படி ஒரு நாளும் போனதில்லை.

முதலாளி அரைத் தமிழில் சொன்னது மட்டும் நன்றாகப் புரிந்தது. பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், இனி இங்கே வேலை இல்லை.

அறைக்கு வந்து சேலையைப் பிழிந்துகொண்டே நான் சொன்னேன், "சரி, விடு. வந்த காரியம் முடிஞ்சிருச்சு. பய இனி நம்ம கூட வந்துதான ஆகணும். மில்லு வேலை காத்துக் கெடக்கு."

"இப்படியாக்கா கூட்டிட்டுப் போறது?" என்றாள்.

காலையில் நான் எழுந்தபோது அவள் கொட்டகையில் இருந்தாள். கம்பியைப் பழுக்க வைத்து, தான் ஒட்டியதைத் தானே அறுத்துக்கொண்டிருந்தாள். ஒட்டுவதைவிட அறுப்பது கஷ்டம் போலிருக்கிறது. நெற்றியெல்லாம் வேர்வை. ஓட்டையின் விளிம்பை விரலால் தடவித் தடவிப் பிசிர் இல்லாமல் இழைத்தாள். முதலாளி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். போகச் சொன்னவர் தடுக்கவில்லை. எல்லாம் முடிந்ததும், இதை நம்பி ஆட்களை ஏற்ற முடியாது, ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். நவீன் ஒரு படகைத் தண்ணீரில் தள்ளி ஏறப் போனான்.

"நீ இரு" என்றாள் சவுந்தரம். "ஒட்டுனதும் நான், பிரிச்சதும் நான். நான்தான் தூக்கிக் காட்டணும்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. குடத்தைத் தூக்கிப் பிடித்து உள்ளங்கையை விரித்துக் காட்டுகிற அம்மாவைப் பார்த்து வளர்ந்தவன்தானே. ஆனாலும் அவளைத் தனியாக விட அவனுக்கு மனசு வரவில்லை. ஆரஞ்சுச் சட்டையை மாட்டிவிட்டு, முன்னால் அவளை உட்கார வைத்து, பின்னால் அவன் ஏறிக்கொண்டான். பாலத்தில் பஸ்ஸுக்குள் கண்ணைத் திறக்காதவள், தண்ணீர் மேலேயே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். கரையோர நடைபாதையில் அவர்களுக்கு இணையாக நானும் மூச்சிரைக்க நடந்தேன். பக்கத்திலேயே போனதால் பேச்சு காதில் விழுந்தது.

"அம்மா, காலை எடும்மா."

"எடுக்க மாட்டேன்."

அவள் இரண்டு குதிகாலையும் முன்னால் இருந்த ஓட்டைகள்மேல் அழுத்தி வைத்திருந்தாள்.

"எடுத்தாத்தான் தெரியும், பிரிச்சது சரியா இருக்கா இல்லையான்னு."

லாட்ஜுகளைத் தாண்டினோம். மீன் மார்க்கெட்டைத் தாண்டினோம். படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தவர்கள் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பாலம் நெருங்கும்போது அவள் ஒரு காலைத் தூக்கினாள். பிறகு அடுத்ததையும் தூக்கினாள். குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் நடைபாதை இல்லை, ஆறு அங்கேதான் ஆரம்பம் போலிருக்கிறது. நான் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர்கள் அடியில் புகுந்து போய்விட்டார்கள்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றதில் எது காயல், எது ஆறு, எது போகிறது, எது வருகிறது என்று எதுவுமே புரியவில்லை. ஆற்றைத் தண்ணீர் இல்லாமல் பார்த்துப் பழகியவள் நான். வந்து தொலையுங்கள் என்று வாய்விட்டே திட்டினேன்.

வந்தார்கள். படியில் ஏறினதும் சவுந்தரம் முதலாளி முன்னால் போய் நின்று, ஓட்டைகளைத் தடவிப் பார்த்த இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். இரண்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. அந்த மனுஷனுக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினார். நாளைக் காலையில் ஆட்கள் வருகிறார்கள், பையன் நிற்கட்டும் என்றார்.

"அம்மா?" என்றான் நவீன். அந்த ஒரு வார்த்தைதான். வாடா என்று அவள் சொன்னால் பஸ் ஏறிவிடுகிற பிள்ளைதான் அவன், அது அவன் நிற்கிற நிலையிலேயே தெரிந்தது.

"சாயங்காலம் கரை ஏறுனதும் எனக்குப் போனு போடணும்" என்றாள் சவுந்தரம். பிறகு என்னைப் பார்த்து, "வாங்கக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தென்காசி வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். அதற்குமேல் முடியவில்லை. "ஏண்டி, கூட்டிட்டு வரத்தான போனோம்? சுப்புராஜுகிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுவேன்?" என்று வெடித்தேன்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பாலத்துக்கடியில வச்சுக் கேட்டேங்க்கா, ஒனக்கு ஏன்டா இந்த வேலைன்னு. தெரியலம்மாங்கிறான். தண்ணி மேல இருந்தா பயமே இல்லையாம். கரையில நின்னாத்தான் கை ரெண்டும் கனக்குதாம். நேத்து அவன் தலை வெளிய வராம நான் நின்னேன்ல படியில… எனக்கும் கனத்துச்சுக்கா. அம்புட்டு நேரம்தான் நின்னேன், தாங்க முடியல. அவன் இத்தன வருசமா நிக்கிறான். மறுபடி கூட்டிட்டு வந்து கரையில நிப்பாட்டவா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"அப்ப ஒனக்குப் பயம் போயிருச்சா?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்.

"எங்க போச்சு? அப்படியேதான் இருக்கு. எந்தத் தைரியத்துல அவன இருக்கச் சொன்னேன்னு எனக்கே வெளங்கல" என்றாள். பஸ் ஒரு பாலத்தில் ஏறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

இப்போதும் என் ஷட்டர் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். குடங்கள் வருகின்றன, ஒட்டுகிறாள், தூக்கிக் காட்டுகிறாள், என் வியாபாரம் படுக்கிறது. சாயங்காலமானால் மட்டும் கம்பியை அடுப்பிலிருந்து உருவிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொள்கிறாள். அந்த நேரத்தில் யார் குடம் கொண்டுவந்தாலும் கையில் வாங்க மாட்டாள். அவசரம் என்கிறவர்கள் என்னிடம் புதுசு வாங்கிக்கொண்டு போகலாம், அப்படி இரண்டொருவர் வாங்கவும் செய்தார்கள்.

ஆனால் அந்த நேரத்தில் எனக்கும் வியாபாரம் ஓடுவதில்லை. விலையை மாற்றிச் சொல்கிறேன், மிச்சத்தைத் தப்பாகக் கொடுக்கிறேன். இருட்டிக்கொண்டு வரும்போது அவள் போன் அடிக்கும். ஸ்பீக்கரில் போடுவாள்.

"கரை ஏறிட்டேம்மா. பெரியம்மாகிட்டயும் சொல்லிரு."

அதற்குப் பிறகுதான் நான் ஷட்டரை இறக்குகிறேன்.